கடல் அட்டைக்குப் பெயர் சூட்டல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகரில், கவிதை பேசக் கூடிய அவையில், கடல் அட்டையைப் பற்றி ஓர் உரையா என்று சிலர்க்கு வியப்பு எழலாம். மதுரைக்குக் கடல் இல்லை. ஆனால் மதுரைக்கு வைகை உண்டு. வருசநாட்டு மலைகளில் பிறந்து, இந்நகரைக் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்தபின், வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் எஞ்சிய நீர் பாக் நீரிணையில் சென்று சேர்கிறது. இச்சமவெளியின் வண்டலில் ஒரு பங்கு அந்தக் கடலடியில்தான் படிகிறது. அக்கடலடி மணலையும் சேற்றையும் உண்டு, அதிலுள்ள சத்தை மட்டும் பிரித்தெடுத்து, தூய மணலைத் திரும்ப வைக்கும் உயிர் கடல் அட்டை. பாண்டியர் தலைநகர்க்குக் கொற்கைக் கடல் முத்தைத் தந்தது. அதே கடற்பரப்பில் வாழும் இவ்வுயிரை இலக்கியம் கண்டுகொள்ளவில்லை. முத்துக்கும் சங்குக்கும் கிடைத்த பாட்டு அட்டைக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் இன்றைய பொருள் அட்டை மட்டுமன்று. அதுவரை அறியப்படாத ஓர் உயிரினத்தைக் கண்டு, இது வேறு என்று தெளிந்து, அதற்குப் பெயர் சூட்டும் முறையே இவ்வுரையின் பொருள். பெயர் சூட்டல் கவிஞர்க்கும் உரிய தொழில். ஆதலின் இவ்வவைக்கு அது அயலானதன்று.

பெயர்கள் பல

தமிழில் அட்டை என்பது முதலில் குளத்திலும் காட்டிலும் வாழ்ந்து குருதி உறிஞ்சும் உயிரைக் குறித்தது. வடிவ ஒப்புமையால் கடலில் கண்டதும் கடல் அட்டை ஆயிற்று. உண்மையில் இரண்டிற்கும் நெருங்கிய உறவு இல்லை. குளத்து அட்டை மண்புழுவின் சுற்றம். கடல் அட்டையோ விண்மீன் வடிவான கடல் நட்சத்திரத்திற்கும், முள்பந்து போன்ற கடல் முள்ளெலிக்கும் சுற்றம். இவை யாவும் முட்தோலிகள் என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. ஐந்து ஐந்தாக அமைந்த உடற்கூறே இத்தொகுதியின் அடையாளம். கடல் நட்சத்திரத்தை நிமிர்த்தி நீட்டி உருட்டினால் கடல் அட்டை என்று ஒருவாறு சொல்லலாம்.

ஐரோப்பியர் இதனை வெள்ளரிக்காயாகக் கண்டு கடல் வெள்ளரி என்றனர். போர்த்துக்கீசியர் கடற்புழு என்ற பொருளில் அழைத்ததே திரிந்து 'பேஷ்-த-மேர்' என வணிக உலகில் நின்றது. மலாய் மக்கள் 'திரிபாங்' என்றனர். சீனர் இதனைக் கடலின் ஜின்செங் என்று, மருந்து வேரின் பெயரால் மதித்து அழைத்தனர். ஒருவர் காய்கறியைக் கண்டார். ஒருவர் புழுவைக் கண்டார். ஒருவர் மருந்தைக் கண்டார். உயிரின் பெயரில் உயிரைவிடப் பெயரிட்டவரின் தேவையே மிகுதியாகப் பதிந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூழ்கி அட்டை எடுத்தோர் இன்னும் நுட்பமாகப் பெயரிட்டனர். சாம்பல் முதுகும் வெண்மையான அடிவயிறும் உடையது வெள்ளை அட்டை. தொட்டவுடன் பின்புறத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் வெண்ணிற இழைகளை வீசுவது நூல் அட்டை. நன்னூல் வகுக்கும் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்னும் பாகுபாட்டில் இவை தூய காரணப் பெயர்கள். நூல் அட்டை என்ற பெயரைக் கேட்ட ஒருவர், அதனைக் கையில் எடுக்குமுன் எச்சரிக்கை அடைவார். கடலில் பெயர் என்பது அறிவும் காவலும் ஆகும்.

அறிவால் வகுத்த மரபு

உயிர்களை வகைப்படுத்தும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, நந்து முதலியவற்றை ஈரறிவுயிர் என்கிறது. புலன்களை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாடு அது. கடல் அட்டையை அதில் எங்கே வைப்பது? அதற்கு மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம் மட்டுமே உண்டு. ஊற்றுணர்வு உண்டு. நீரில் கலந்த பொருள்களை உணரும் திறனும் உண்டு. இக்கேள்விக்கு விடை தேடுவோர் இரண்டு செய்திகளை உணர்வர். வகைப்பாடு என்பது ஏதேனும் ஓர் அளவுகோலைத் தேர்ந்துகொண்டு உலகைப் பார்ப்பது. அளவுகோல் மாறினால் சுற்றமும் மாறும்.

இன்றைய விலங்கியல் தேர்ந்துகொண்ட அளவுகோல் பிறப்பு வழி. எந்த உயிர் எதனுடன் ஒரே மூதாதையைப் பகிர்கிறது என்பதே அதன் கேள்வி. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்து விலங்குகளுக்கு இருசொற் பெயர் வழங்கும் முறை தொடங்குகிறது. முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். குடிப்பெயரும் இயற்பெயரும் போல என்று கொள்ளலாம்.

உடலில் எழுதிய எழுத்து

கடல் அட்டையை இனங்காண்பது மீனை இனங்காண்பது போன்றதன்று. மீனுக்குச் செதில் உண்டு, துடுப்பு முள் உண்டு, எண்ணிச் சொல்லலாம். அட்டையின் உடல் மென்மையானது. தொட்டால் சுருங்கும், விட்டால் நீளும். அஞ்சினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பின்னர் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். சாராயத்தில் இட்டால் நிறம் மங்கும், வடிவம் குறுகும். ஆகவே ஆய்வாளர் முதலில் உயிரோடு இருக்கும்போதே நிறத்தையும் நீளத்தையும் வாழிடத்தையும் குறித்துக்கொள்வர். பின்னர் கடல்நீரில் மெக்னீசியம் குளோரைடு போன்ற பொருளைக் கலந்து அதனைத் தளரச் செய்து, உணர்கொம்புகள் விரிந்த நிலையிலேயே சாராயத்தில் பாதுகாப்பர்.

சாராயமே ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. பல உயிர்களைப் பாதுகாக்கும் பார்மலின் நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அட்டையின் அடையாளமோ சுண்ணாம்பில்தான் இருக்கிறது.

அட்டையின் தோலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான சுண்ணாம்பு நுண்துண்டுகள் பொதிந்துள்ளன. முதுகுத் தோல், வயிற்றுத் தோல், உணர்கொம்பு, குழாய்க்கால் ஆகிய ஒவ்வோரிடத்திலிருந்தும் சிறு துணுக்கை வெட்டியெடுத்து, துணி வெளுக்கும் கரைசலின் சில சொட்டுகளை அதன்மீது விட்டால் தசை கரைந்துபோகும். வெண்துகள் மட்டும் அடியில் தங்கும். அதனைப் பலமுறை நீரில் அலசி நுண்ணோக்கியின்கீழ் வைத்தால் வேறோர் உலகம் தோன்றும். நான்கு கால்களும் முள்முடியும் உடைய சிறு மேசைகள், துளையிட்ட பொத்தான்கள், வளைந்த கோல்கள், சில குடும்பங்களில் அச்சு அசலான நங்கூரங்கள், வேறு சிலவற்றில் ஆரக்கால் உடைய தேர்ச்சக்கரங்கள். ஒவ்வோர் இனத்திலும் இவற்றின் வடிவம், அளவு, துளைகளின் எண்ணிக்கை, எந்த உறுப்பில் எது மிகுதி என்பவை வேறுபடும். வெளித்தோற்றத்தில் இரட்டையர் போல இருக்கும் இரு அட்டைகளை இந்தத் துகள்கள் பிரித்துக் காட்டும்.

தொண்டையைச் சுற்றி ஒரு சுண்ணாம்பு வளையம் உண்டு. பெரும்பாலும் பத்துத் துண்டுகளால் ஆனது. ஐந்து ஆரத்துண்டுகள், ஐந்து இடைத்துண்டுகள். அதனையும் வெளியே எடுத்து வரைவர். உணர்கொம்புகள் கேடயம் போல் விரிந்தவையா, மரக்கிளை போல் பிரிந்தவையா என்று பார்ப்பர். அவை எத்தனை என்று எண்ணுவர். மூச்சு மரம் என்னும் உள்ளுறுப்பின் கிளைகளையும், நூல் வீசும் குழாய்கள் உண்டா இல்லையா என்பதையும் குறிப்பர். கடந்த சில பத்தாண்டுகளாக மரபணு வரிசையும் ஒரு சான்றாகச் சேர்ந்துள்ளது. எனினும் அது மட்டுமே தீர்ப்பு வழங்குவதில்லை. துகள், வளையம், நிறம், வாழிடம், மரபணு ஆகிய யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும்.

மூலப்படி என்னும் சான்று

புதிய இனம் என்று அறிவிக்க இத்துணை சான்றும் போதாது. முன்னோர் எழுதியவை அனைத்தையும் படித்தாகவேண்டும். 1833இல் யேகர் எழுதிய இலத்தீன் ஆய்வேடு முதல், 1868இல் செம்பர் பிலிப்பைன்ஸ் அட்டைகளைப் பற்றி எழுதியது, 1886இல் தேயேல் 'சேலஞ்சர்' கப்பல் பயணத்தின் சேகரிப்பைப் பற்றி எழுதியது, 1905, 1908 ஆகிய ஆண்டுகளில் கோலர், வானே ஆகியோர் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் இந்தியக் கடல்களில் திரட்டியவற்றைப் பற்றி எழுதியது என இலத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சிதறிக் கிடப்பவற்றைத் தேடவேண்டும். புதியது என்று எண்ணியது எவரோ நூற்றாண்டுக்கு முன்பே பெயரிட்டதாக இருக்கலாம். அவ்வாறாயின் முந்திய பெயரே வெல்லும். இது முன்னுரிமை விதி.

அடுத்தது மூலமாதிரி. புதிய பெயர் எந்த ஒரு தனி உடலைக் கொண்டு சூட்டப்பட்டதோ, அவ்வுடலை எண்ணிட்டு ஓர் அருங்காட்சியகத்தில் வைப்பர். எதிர்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த ஒரு புட்டியைத் திறந்து பார்ப்பதே வழி. மூலமாதிரியைக் குறிப்பிடாமல் வெளியிடும் புதிய சிற்றினப் பெயரை, 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விலங்கியல் பெயரிடு நெறி ஏற்பதில்லை.

இவ்வவைக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது செய்ததும் இதுவே. ஏடுகளைத் தேடினார்; ஒப்பிட்டார்; பாடபேதங்களைக் குறித்தார்; எதனை எங்கே கண்டார் என்பதைப் பதிவு செய்தார். பின்வருவோர் சரிபார்க்கலாம் என்ற நேர்மையே அப்பதிப்புகளின் வலிமை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் இம்மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கமும் ஏடுகளைத் தொகுத்துக் காத்தது அந்த நோக்கத்தினாலேயே. அருங்காட்சியகத்துப் புட்டி ஓர் ஏட்டுச்சுவடி. அதிலிருந்து எழுதும் விளக்கம் ஒரு பதிப்பு.

ஒரு பெயரின் வரலாறு

நம் கரையில் நன்கறிந்த வெள்ளை அட்டையின் சுற்றத்திலேயே ஒரு தக்க எடுத்துக்காட்டு உண்டு. வெள்ளை அட்டைக்கு ஹோலோதூரியா ஸ்கேப்ரா என்று 1833இல் பெயரிட்டவர் யேகர். ஸ்கேப்ரா என்றால் சொரசொரப்பானது. இதுவும் காரணப் பெயரே. பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவுப் பகுதியில் இதனைப் போன்றே, ஆனால் பல நிறம் காட்டும் ஓர் அட்டை பிடிபட்டு வந்தது. சந்தையில் அதற்கு உயர்ந்த விலை. வணிகர் அதனைப் பொன்னிற அட்டை என்றனர். 1986இல் சாந்தால் கோனான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதனை வெள்ளை அட்டையின் ஒரு வகையாகக் குறித்தார். ஆனால் அப்பெயர், நெறி வேண்டும் முழு விளக்கம் பெறாமையால், சட்டப்படி நிற்கவில்லை.

2005இல் வெளியான மரபணு ஆய்வு, இவ்விரு அட்டைகளுக்கும் இடையே இயற்கையில் கலப்புப் பிறவிகள் தோன்றுகின்றன என்று காட்டியது. கலப்பு உண்டெனில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். கலப்பு நிகழ்ந்தும் இரண்டின் எல்லை கலையவில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு. இதன்பின் மாசன், உதிக்கே, பர்செல், ரோ, சாமின் ஆகிய ஐவர் பழைய மாதிரிகளையும் சுண்ணாம்புத் துகள்களையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, 2009இல் அதனைத் தனி இனமாக அறிவித்தனர். 1822 முதல் 1825 வரை 'கோக்கீய்' கப்பலில் உலகைச் சுற்றிய பிரெஞ்சு இயற்கையாளர் லெஸ்ஸனின் பெயரால் அது ஹோலோதூரியா லெஸ்ஸோனி ஆயிற்று.

இதில் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மனிதர் அந்த அட்டையைப் பல்லாண்டு பிடித்தனர், வேகவைத்தனர், ஏற்றுமதி செய்தனர், உண்டனர். அதற்குத் தனிப்பெயர் கிட்டியதோ 2009இல். இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் இவ்விரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்கிறது. பெயர் வந்து சேருமுன்பே ஆபத்து வந்து சேர்ந்தது.

நம் கரையில்

மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பதிவு செய்யும் பணிக்கும் நெடிய வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் இக்கடலின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். 1927இல் கிரேவ்லியின் பொறுப்பில் குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய தொகுப்பு வெளிவந்தது. 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றி மண்டபம் முகாமில் நிலைகொண்டது. அந்நிலையத்தின் அறிஞர் டி.பி.ஜேம்ஸ் இந்திய முட்தோலிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 200 வகைக் கடல் அட்டைகள் உள்ளன என்ற கணக்கு அவ்வாறு திரண்டது. 1988இல் தூத்துக்குடியில் அவரும் உடன் பணியாற்றியோரும் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிக் காட்டினர். 1989இல் மண்டபத்தில் இதற்கெனவே ஒரு தேசியக் கருத்தரங்கு கூடியது.

அறிவு வளர்ந்த அதே காலத்தில் கடலில் அட்டை குறைந்தது. 1982இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலர் அட்டையின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அத்தடை பயன் தரவில்லை. 2001இல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடித்தலும் விற்றலும் குற்றமாயின. தடை இன்றும் நீடிக்கிறது.

இங்கேதான் இனங்காணல் ஏட்டுக் கல்வியாக இல்லாமல் வாழ்க்கைச் சிக்கல் ஆகிறது. அனைத்து வகையையும் ஒருசேரத் தடுத்ததற்கு ஒரு நடைமுறை நியாயம் உண்டு. அட்டையைக் கீறிக் குடல் நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலின் சுண்ணாம்புப் படலத்தைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் வேகவைத்து உலர்த்துகின்றனர். துகள்கள் பொதிந்த படலத்தின் பெரும்பகுதி அப்போதே போய்விடுகிறது. நிறமும் வடிவமும் மறைகின்றன. மூட்டையில் கிடக்கும் கறுத்த துண்டு அருகியதா, பெருகியதா என்று காவலர் எங்ஙனம் அறிவார்? அறிய இயலாமையால் சட்டம் அனைத்தையும் ஒரே பெயரில் அடைத்தது.

மறுபுறம், பாக் நீரிணையின் மீனவர் தொடுக்கும் வினாவும் புறந்தள்ளத் தக்கதன்று. வலையில் தானே வந்து விழுவதை என் செய்வது? பெருகியிருக்கும் வகையையும் அருகிய வகையையும் பிரித்தறிந்து விதி செய்யலாகாதா? அதே கடலின் எதிர்க்கரையில், இலங்கையின் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், உரிமம் பெற்று அட்டை எடுப்பதும் பண்ணைகளில் வளர்ப்பதும் நடைபெறுகின்றனவே? ஒரே நீரில் இரு சட்டம். தடை நீடிக்கவேண்டும் என்போர் வாதத்திலும் உண்மை உண்டு. மெல்ல வளர்ந்து, நெருங்கி வாழ்ந்து, நீரில் கருவைக் கலந்து பெருகும் உயிர் ஒரு முறை அருகிவிட்டால் ஆணும் பெண்ணும் அணுகி வாழ்வதே அரிதாகிவிடும். இவ்விரு தரப்பும் ஒன்றுகூடிப் பேச வேண்டுமெனில், எந்த இனம் எங்கே எவ்வளவு என்ற தெளிவு முதலில் வேண்டும். அத்தெளிவின் முதற்படி பெயர்.

கவிஞர்க்கு உரிய பணி

இனி, இவ்வட்டம் கருதத்தக்க ஒன்றைக் கூறி இவ்வுரை நிறைவுறும்.

விலங்கியல் விளக்கத்தில் நுண்துகளின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளந்து எழுதப்படுகிறது. மூழ்கியவர் அறிந்த செய்தி அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எந்த மாதத்தில் எது மணலுக்குள் புதையும், எது இரவில் மேலே வரும், எதனைத் தொட்டால் கை அரிக்கும் என்பவை அவர்களின் பெயர்களிலும் பேச்சிலும் மட்டுமே உள்ளன. 2001க்குப் பின் பிறந்த மீனவப் பிள்ளைகள் சட்டப்படி அட்டையைக் கையில் எடுக்க இயலாது. கையில் எடுக்காத பொருளின் பெயர் நாவில் எத்தனை நாள் நிற்கும்? உயிரைக் காக்க வந்த சட்டம், தான் அறியாமலே, அவ்வுயிரைப் பற்றிய சொற்களை உதிர்க்கிறது. சட்டத்தின் குற்றம் அன்று இது. ஆனால் இழப்பு இழப்பே.

அச்சொற்களைத் தொகுத்தல் விலங்கியலார் பணி என்று விட்டுவிடலாகாது. சொல்லைக் கேட்கப் பழகிய செவி கவிஞர்க்கு உண்டு. பாம்பனிலும் மண்டபத்திலும் வேதாளையிலும் கீழக்கரையிலும் முதிய குளியாளிகள் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்லும் பெயரையும், அப்பெயருக்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும், சொன்ன ஊரையும் நாளையும் குறித்து வைத்தால் அதுவும் ஒரு மூலமாதிரி ஆகும். அழகுபடுத்த வேண்டுவதில்லை, திருத்த வேண்டுவதில்லை. கேட்டது கேட்டபடி இருந்தால், பின்வரும் ஆய்வாளர் ஒருவர் தம் நுண்ணோக்கியில் கண்டதோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரே பெயரில் அடங்கியிருந்த இரண்டு உயிர்களை ஒரு குளியாளியின் சொல் முன்பே பிரித்திருக்கக் கூடும்.

இரண்டாவது பணி கலைச்சொல். இவ்வுரையில் மேசை, பொத்தான், நங்கூரம், சக்கரம் என்று கூறியவை அவ்வுறுப்புகளுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர்களின் தமிழ் வடிவங்கள். கேட்டவுடன் கண்முன் நிற்பவை. ஓர் இனத்தின் முழு விளக்கத்தையும் தமிழில் எழுத இயலும் என்பதற்கு இவையே சான்று. பெயர் இலத்தீனில் இருக்கலாம். விளக்கம் இராமேசுவரத்துப் பள்ளி மாணவர் படிக்கும் மொழியில் இருக்கத் தடையேதும் இல்லை.

புதிய இனத்தை விளக்குவோர் தம் கட்டுரையில் எழுதும் மிக முக்கியமான வரி, இது எதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதே. நல்ல சொல்லுக்கும் அதுவே இலக்கணம். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம், மேலும் பல்லாண்டு, ஒன்றை மற்றொன்றாக மயங்காத சொற்களைத் தமிழுக்குத் தந்து வளர்க.